மண்டோர் அக்கா பங்கிட்ட வலி

இளையவர்கள் என்னிடம் கேட்டது கட்டுரை அல்ல, ஒரு பட்டியல். "அக்கா, நீங்கதான் எல்லாத்துக்கும் லிஸ்ட் போடுவீங்களே. ஒரு ஆய்வுல எதையெல்லாம் சந்தேகப்படணும்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்தா பிரிண்ட் போட்டு மேசையில ஒட்டிக்குவோம்" என்று பழைய அலுவலகத்தின் வாட்சாப் குழுவில் செய்தி வந்தது. அவர்களுக்கு இப்போது தேவை இருக்கிறது. ரோபோ அறுவைச் சிகிச்சை என்று பதாகை தொங்காத தனியார் மருத்துவமனையை எங்கள் பக்கம் பார்ப்பது அரிதாகிவிட்டது. அந்த ரோபோக்களைச் செய்யும் நிறுவனங்கள் பணம் போட்டு நடத்தும் ஆய்வுகளும் பின்னாலேயே வருகின்றன.

நான் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். தலை நரைக்கவில்லை. எங்கள் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தபோது விருப்ப ஓய்வுத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். கடைசி நாளில் வெட்டிய கேக்கில் "இனிய ஓய்வு" என்று கிண்டலாக எழுதியிருந்தார்கள். இப்போது சிரம்பானை அடுத்த செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். திருகாணிகளை அளக்கிறேன். அளப்பது யார், எதற்காக அளக்கிறார் என்று திருகாணி யோசிப்பதில்லை. அது பெரிய நிம்மதி.

பட்டியலை எழுதத் தொடங்கினேன். முதலாவது, பணம் யாருடையது. இரண்டாவது, பணம் போட்டவரின் ஆள் எந்த அறையில் நிற்கிறார். மூன்றாவது, நோயாளியிடம் கேள்வி கேட்பவருக்கு முன்கூட்டியே என்ன தெரியும். நான்காவதாக எழுத நினைத்தது ஒரு வரியில் அடங்கவில்லை. அதனால்தான் இத்தனை பக்கம்.

என் வேலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் புதிய மருந்தோ கருவியோ செய்கிறது. அது நல்லதா என்று பார்க்க ஒரு மருத்துவமனையில் ஆய்வு நடக்கிறது. அந்த ஆய்வில் எழுதப்பட்டது உண்மையில் நடந்ததா என்று நடுவில் நின்று சரிபார்க்க எங்களைப் போன்றவர்களை வைக்கிறார்கள். எங்களுக்குச் சம்பளமும் அதே நிறுவனத்தின் பணத்திலிருந்துதான் வரும். யாரைச் சந்தேகப்பட வேண்டுமோ அவரிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்படுவதுதான் இந்தத் தொழில்.

உயிர்மருத்துவ அறிவியல் படித்துவிட்டு, தெமியாங்கில் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் அலுவலகம் போய் வந்தேன். முதல் ஆண்டுகளில் கற்றதைச் சுருக்கமாகச் சொன்னால், கோப்புகளைத் தூக்கக் கற்றேன், மருந்துக் குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையைப் பார்க்கக் கற்றேன், டாக்டர்களின் கையெழுத்தை வாசிக்கக் கற்றேன். மற்றதெல்லாம் பிலோமினா மேடத்துக்குக் கீழே வந்த பிறகுதான்.

மேடம் சிரம்பான்காரர். கட்டையான உருவம், கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் சொந்த பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுபோவார். அங்கே கொடுக்கும் தண்ணீரைக்கூடத் தொட மாட்டார். "பிஸ்கட் தின்னுட்டு ஒருத்தனை எப்படி நிமிர்ந்து பார்க்கிறது?" என்பார். கோப்பைத் திறப்பதற்கு முன் அதைச் சுற்றிலும் பார்ப்பார். எந்தப் பக்கம் அதிகம் அழுக்கு, எந்தப் பக்கம் புரட்டப்படவே இல்லை என்று. ஒரு தாதியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அரை மணி நேரம் வேறு பேசிவிட்டு, அதே கேள்வியை வேறு வார்த்தைகளில் மறுபடி கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் முகம் மலராது, ஒத்துப்போகாவிட்டால் சுருங்கவும் சுருங்காது. அவரைக் கண்டால் மருத்துவமனைகளில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை.

நான் சொல்ல வந்த ஆய்வு முழங்கால் மூட்டு மாற்று அறுவையைப் பற்றியது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, ரோபோ கை ஒன்றை ஆய்வு முடியும்வரை மருத்துவமனைக்கு இரவல் கொடுத்தது. அறுவைச் சிகிச்சை இலவசம், போக்குவரத்தும் இலவசம். சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ரோபோவின் உதவியோடு அறுவை, மறு பாதிக்கு வழக்கமான முறையில். இரண்டையும் செய்தது ஒரே டாக்டர்தான். டாக்டர் ஹாபிஸ், நல்ல கைக்காரர், அதிகம் பேச மாட்டார். யாருக்கு எந்த முறை என்பது ஆய்வு முடியும்வரை நோயாளிக்குத் தெரியக்கூடாது. பின்னர் வந்து வலி எவ்வளவு என்று கேட்கும் தாதிக்கும் தெரியக்கூடாது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் நோயாளி சொல்லும் எண்தான் முடிவு. தெரிந்தால் அந்த எண் கெட்டுப்போகும்.

ஒரு சிக்கல் இருந்தது. ரோபோ தன் வேலையைச் செய்ய எலும்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். அதற்காகத் தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் சிறிய ஊசிகளை முடுக்கி, அதில் அடையாளக் கருவியைப் பொருத்துவார்கள். அறுவை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். தொடையில் ஊசி போவது பெரிய காயத்துக்குள்ளேயே. கீழ்க்காலில் மட்டும் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே தனியாக இரண்டு சின்ன ஓட்டைகள் மிஞ்சும். ரோபோ செய்யாதவர்களுக்கு அந்த ஓட்டைகள் இருக்காது. அவர்களுக்கும் பொய்யாகத் தோலைக் கீறிவிடலாம் என்று நிறுவனம் சொன்னது, மருத்துவமனையின் நெறிமுறைக் குழு மறுத்துவிட்டது. சரியான மறுப்புதான். கடைசியில் எல்லோருக்கும் அதே இடத்தில் ஒரே மாதிரி பிளாஸ்திரி ஒட்டுவது என்று முடிவானது. பிளாஸ்திரி எடுக்கும்போது தழும்பு சிறிதாகியிருக்கும், ஒருவர் காலை மற்றவர் பார்த்து ஒப்பிடப் போவதில்லை என்று திட்டத்தை எழுதியவர்கள் நினைத்தார்கள். அவர்கள் யாரும் புக்கிட் பெலண்டோக் தோட்டத்துப் பக்கம் வந்ததில்லை.

பிலோமினா மேடத்துக்கு வேறு கவலை. ஒப்புதல் படிவத்தில் பணம் யாருடையது என்பது ஒரு மூலையில் இருந்தது. அதைப் பெரிய எழுத்தில் தனி வரியாகப் போட வேண்டும், தமிழிலும் மலாயிலும் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நிறுவனத்தின் ஆள் கெல்வின் சங்கடப்பட்டார். மேடம் விடவில்லை. வரி இப்படி அமைந்தது: இந்த ஆய்வுக்கு ரோபோவைத் தயாரிக்கும் நிறுவனமே பணம் தருகிறது, ஆய்வு முடிந்த பிறகு ரோபோ இந்த மருத்துவமனையில் இருப்பதும் இல்லாததும் முடிவைப் பொறுத்தது. "மறைச்சா ஏமாத்துறோம். சொல்லிட்டா அவங்க பார்த்துக்குவாங்க" என்றார் மேடம்.

நோயாளிகளில் ஒரு பகுதியினர் சிரம்பான் நகரத்தவர்கள். மறு பகுதியினர் புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்து மக்கள். தோட்டத்தில் இப்போது வேலை செய்வது வெளிநாட்டவர்கள். பழைய தமிழ்க் குடும்பங்கள் கோயிலை ஒட்டிய மலிவு விலை வீட்டு வரிசையில் இருக்கின்றன. ரப்பர் சீவியும், செம்பனையின் உதிரிப்பழம் குனிந்து பொறுக்கியும், குலை வெட்டியும் முழங்கால் தேய்ந்தவர்கள். அரசாங்க மருத்துவமனையில் வரிசை நீளம். தனியாரில் அவர்களால் முடியாது. இவர்களை அழைத்துவர நிறுவனத்தின் பணத்தில் ஒரு வேன் ஓடியது.

முதல் சுற்றுப் பதில்கள் வந்து, அவற்றை அறுவைக் கோப்புகளோடு ஒப்பிட்டபோது என் மேசையில் ஒன்று உறுத்தியது. நகரத்து நோயாளிகளிடம் ரோபோவுக்கும் வழக்கமான முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிலருக்கு இது நல்லது, சிலருக்கு அது. வேனில் வந்தவர்களிடமோ வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ரோபோ செய்தவர்களுக்கு வலியே இல்லை, மற்றவர்கள் துடித்தார்கள். கேள்வி கேட்ட தாதிக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியாது. நோயாளிகளுக்கும் தெரியாது. அப்படியிருக்க, பதில்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மாடிப்படி ஏறுவது எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி உண்டு. வேனில் வந்த ரோபோக்காரர்கள் அனைவரும் சுலபம் என்றார்கள். அந்த வீட்டு வரிசையில் மாடியே இல்லை.

மேடத்திடம் காட்டினேன். பிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டுத் தாள்களை இரண்டு முறை பார்த்தார். அவருக்கு யார் மேல் சந்தேகம் என்று கேட்கவே வேண்டியதில்லை. ரோபோ அறுவை நடக்கும்போது கருவி நிறுவனத்தின் ஆள் அறுவைக் கூடத்திலேயே நிற்பார், கருவிக்கு உதவ. ஆக கெல்வினுக்கு எல்லாப் பிரிவும் தெரியும். வேனுக்குப் பணம் கொடுப்பதும் அவருடைய நிறுவனம். கூடத்திலிருந்து வேனுக்கு, வேனிலிருந்து நோயாளியின் வாய்க்கு. கோடு நேராக ஓடியது.

எனக்கும் அப்படித்தான் பட்டது. கெல்வினைச் சந்தேகப்படுவது சுலபம். நோயாளிகளின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். தாதிகளின் பிறந்தநாளுக்கு கேக் வரும். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். எவ்வளவுக்கு எவ்வளவு மரியாதை காட்டினாரோ அவ்வளவுக்கு அவ்வளவு நான் அவருடைய கைகளையே பார்த்தேன். சில வாரங்கள் அவரைத் தொடர்ந்து கவனித்ததில் ஒன்றும் சிக்கவில்லை. நோயாளிகள் வரும் நாட்களில் அவர் மருத்துவமனைக்கே வருவதில்லை. அதையும் சந்தேகமாகவே குறித்துக்கொண்டேன்.

மிச்சமிருந்தது வேன். நோயாளிகளோடு பேசுவது எங்கள் வேலை அல்ல. ஆனால் வேன் ஒப்பந்தத்தைச் சரிபார்ப்பது எங்கள் வேலைதான். இருக்கைப் பட்டை இருக்கிறதா, நேரத்துக்கு வருகிறதா, வழியில் யாரையாவது ஏற்றுகிறதா. அந்தச் சாக்கில் மேடம் என்னை அனுப்பினார். "காதை மட்டும் கொண்டு போ" என்றார்.

வேன் ஓட்டியவர் சிவா அண்ணன். ஆபீசிலிருந்து வண்டியைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னதும் முன் இருக்கையைத் துடைத்துக் கொடுத்தார். கோயில் வாசலில் காத்திருந்தவர்களிடமும் அப்படியே சொன்னார். யாரும் என்னை இரண்டாவது தடவை பார்க்கவில்லை. கடைசியாக ஏறியவருக்கு மட்டும் எல்லோரும் இடம் விட்டு ஒதுங்கினார்கள். அறுபதைத் தாண்டிய, ஒடிசலான பெண். களையெடுப்புக் கும்பலை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். பெயர் லெட்சுமி, அங்கே எல்லோருக்கும் மண்டோர் அக்கா. பின்னாலிருந்து எனக்கு ஒரு கை அவித்த கச்சானை, வேர்க்கடலையை, நீட்டியதும் அவர்தான். மேடத்தின் பிளாஸ்க் நினைவுக்கு வந்தது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

லுக்குட் ஊரைத் தாண்டியதும் பின்னால் பேச்சு தொடங்கியது. மறைக்கவில்லை. குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"மாரியம்மா, உனக்கு எத்தனை?"

"எனக்கு வலியே இல்ல மண்டோர் அக்கா. நேத்து மீன் வாங்க பாசாருக்கு நடந்தே போயிட்டு வந்தேன்."

"உனக்குத்தான் ஓட்டை இல்லையே. ஆறு சொல்லு."

"வலிக்கலையே லா."

"வலிக்காட்டி என்ன? ஆறுன்னு சொன்னா நாக்கு வெந்துருமா?"

வேனே சிரித்தது. ஓர் ஆண் குரல், "எனக்கு ரெண்டு ஓட்டை இருக்கு. நான் பூஜ்யம்" என்றது.

"போன தடவையும் நீ பூஜ்யம். எல்லாரும் பூஜ்யம்னா அந்தத் தாதிப் பொண்ணு நம்பாது. நீ இந்தத் தடவை ஒன்னு."

"ஒன்னுன்னா எங்க வலிக்குதுன்னு கேக்குமே?"

"மழை பேஞ்சா லேசா குடையுதுன்னு சொல்லு. படி ஏறுறதைக் கேட்டா கோயில் படிய நெனச்சுக்க. ஓட்டை உள்ளவங்க சுலபம், இல்லாதவங்க கஷ்டம். மறந்துறாதீங்க."

களையெடுக்க நிரை பிரித்துக் கொடுப்பது போல அவர் வலியைப் பிரித்துக் கொடுத்தார்.

ஓட்டை விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதைக் கேட்க வேண்டியதே இல்லை. என் அப்பா வழிச் சொந்தங்களும் தோட்டத்தவர்கள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வீடு திரும்பினால் வரிசை முழுக்கப் பார்க்க வரும். புண் ஆறுவதற்கென்று ஹாருவான் மீன் வரும். வந்தவர்களுக்குத் துணியை விலக்கிப் புண்ணைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஏதோ மறைக்கிறார்கள் என்று பேச்சு வரும். ஒரே வரிசையில் இத்தனை பேருக்கு ஒரே அறுவை நடந்தபோது, இவள் காலில் ஓட்டை இருக்கிறது, அவள் காலில் இல்லை என்பது தெரியாமல் எப்படிப் போகும்? பிளாஸ்திரி வீட்டு வாசலோடு சரி.

ஆனால் சொல்லிக் கொடுத்தது யார்? அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. திரும்பி உட்கார்ந்து, இப்படிச் சொல்லச் சொன்னது கம்பெனி ஆளா அக்கா என்று கேட்டேன்.

மண்டோர் அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"யாரும்மா சொல்லணும்? கோயில் மண்டபத்துல அந்தக் காகிதத்தை வாசிச்சாங்க. ரத்தம் கட்டும், சீழ் பிடிக்கும்னு என்னென்னமோ. அதெல்லாம் நிக்கல. ஒன்னே ஒன்னு நின்னுச்சு. நல்லா வந்தா மிஷின் இங்கயே இருக்கும், இல்லாட்டிப் போயிரும். அதுக்கு மேல பாடம் வேற எடுக்கணுமா?" கச்சான் தொலியை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு, "எஸ்டேட்ல பெரிய துரை வர்றார்னா கிளினிக்குக்கு வெள்ளை அடிப்பாங்க. எல்லாம் நல்லா இருக்குதுங்கன்னு சொன்ன டிவிஷனுக்கு மருந்துக்காரர் வந்தார். கொறை சொன்ன டிவிஷனுக்கு அடுத்த மாசம் கிளினிக்கே இல்ல. நான் பார்த்தது" என்றார்.

மேடம் பெரிய எழுத்தில் போடச் சொன்ன வரி. யாரும் ஏமாறக்கூடாது என்று வாசிக்கச் சொன்ன வரி. நான் கெல்வினின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த வாரங்களில், அது தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

மருத்துவமனை வாசலில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மண்டோர் அக்கா எல்லோரும் போகட்டும் என்று பின்னால் நின்றார். அது மண்டோரின் பழக்கம் என்று முதலில் நினைத்தேன். இறங்கும்போது கம்பியைப் பிடித்த பிடி சரியில்லை. சேலை கொஞ்சம் உயர்ந்தது. முழங்காலில் ஒன்றுமில்லை. ஒரு சாண் கீழே, சரியாக ஓட்டைகள் இருக்கும் இடத்தில், பழைய துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்.

"என்ன அக்கா அது?"

"கொசு கடிச்சிருச்சு."

கொசுக்கடிக்கு யாரும் கட்டுப் போடுவதில்லை. மூட்டு வலித்தால் முழங்காலில் வலிக்கும். கீழே, ஊசி போன எலும்பில் வலித்தால் அதன் பொருள் வேறு. அரிதாக, ஓட்டை விழுந்த இடத்தில் எலும்பு கீறிக்கொள்ளும் என்று அந்தப் படிவத்திலேயே எழுதியிருந்தது, மனதில் நிற்காமல் போனவற்றில் அதுவும் ஒன்று. கீறல் தெரியாமல் நடந்துகொண்டே இருந்தால் ஒருநாள் கால் ஒடியும். அந்த வயதில் அப்படி ஒடிந்த காலில் மறுபடி நிற்பது உறுதியில்லை.

வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் வண்டியைப் பார்க்க வந்தவள் மட்டுமல்ல, இந்த ஆய்வைச் சரிபார்க்கும் ஆபீசைச் சேர்ந்தவள் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. கால் வலியைப் பற்றிக் கேட்டபோது பூஜ்யம் என்றார். மறுபடி கேட்டேன். பூஜ்யம். மேடத்தின் முறைப்படி வேறு பேச்சை எடுத்தேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றேன். தம்பி மணியம், குலை வெட்டியவர், இரண்டு முழங்காலும் போய்விட்டது, இருவருமே தனிக்கட்டை. மணியத்துக்குப் பரிசோதனையெல்லாம் முடிந்து, அடுத்த குழுவில் பெயர் இருந்தது.

அப்போதுதான் அவரே சொன்னார்.

"ராத்திரி படுத்தா அந்த இடம் அடுப்பு மாதிரி எரியுது. நான் வாயைத் தொறந்தா மிஷினைத் தூக்கிட்டுப் போயிருவானுங்க. மணியத்துக்கு அப்புறம் யாரு பண்ணுவா, நீயா?"

"சொல்லலைன்னா கால் ஒடிஞ்சிரும் அக்கா."

"ஒடிஞ்சா என் காலு. அவனுக்கு முடியட்டும், நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ பார்க்கல."

இளையவர்களே, உங்கள் பட்டியலில் இதற்கு இடம் தேடிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. மணியத்துக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆய்வில் இப்படி ஒன்று நடந்தால் உடனே நெறிமுறைக் குழுவுக்கும் நிறுவனத்துக்கும் போக வேண்டும், அவர்கள் பார்த்து முடிக்கும்வரை புதிதாக யாரையும் அறுவைக்கு எடுக்க மாட்டார்கள். நான் வாக்குக் கொடுக்கவில்லை. "நான் போய் டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். "கச்சான் குடுத்தேனே உனக்கு" என்றார் பின்னாலிருந்து. திட்டுவது போலக்கூட இல்லை, வியப்பது போல.

எக்ஸ்ரேயில் முடி போல ஒரு கோடு, ஓட்டையிலிருந்து சாய்வாக. எலும்பு இன்னும் விலகவில்லை. ஊன்றுகோல் வைத்துக் காலில் பாரம் போடாமல் இருந்தால் கூடிவிடும், இன்னும் சில நாள் நடந்திருந்தால் அறுவைதான் என்றார் டாக்டர் ஹாபிஸ். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஊசிகளை முடுக்கியது அவர் கை.

அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது. நடந்ததற்கும் கருவிக்கும் தொடர்பு உண்டா, இல்லையா. அதை நிரப்ப வேண்டியவர் அவர். நானும் மேடமும் அவர் அறையில் உட்கார்ந்திருந்தோம். வயதான எலும்பு, தானாகவும் கீறியிருக்கலாம் என்று அவர் எழுதினால் யாராலும் மறுக்க முடியாது. அந்த ரோபோவை அவரும் விரும்பினார். அது இருந்தால் கோலாலம்பூருக்குப் போகும் நோயாளிகள் இங்கே வருவார்கள். அவருடைய பேனாவின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அப்படிப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. "இதை எழுதினால் இந்த ஆய்வு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும்" என்றார் ஆங்கிலத்தில். மேடம் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றிக்கொண்டார், நேரம் நிறைய இருக்கிறது என்பதைப் போல. டாக்டர், தொடர்பு உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த ஆய்வில் நான் சந்தேகப்பட்டு, முழுக்கத் தப்பாகிப்போன ஆட்களில் அவர் இரண்டாமவர். முதலாமவர் கெல்வின்.

வேனில் கேட்டதையும் எழுதிக் கொடுத்தேன். வேனில் வந்தவர்களின் எண்கள் அனைத்தும் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. எஞ்சிய நகரத்து எண்களில் ரோபோவின் பக்கம் சொல்லும்படி ஒன்றுமில்லை. புதிய அறுவைகள் முதலில் நிறுத்தி வைக்கப்பட்டன. பிறகு வணிகக் காரணங்களால் ஆய்வை முடித்துக்கொள்வதாக நிறுவனத்திடமிருந்து பணிவான செய்தி வந்தது. கெல்வின் எல்லோரிடமும் கைகுலுக்கினார், என்னிடமும். ரோபோ கை மரப்பெட்டிகளில் ஏறி லாரியில் போனது. மண்டோர் அக்கா சொன்னது அப்படியே நடந்தது. மணியத்தின் பெயர் அரசாங்க மருத்துவமனையின் வரிசைக்குப் போனது.

மேடத்திடம் அந்த வரியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. அடுத்த ஆய்வுகளில் அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"எடுத்துட்டு?" என்றார். "யாரு காசுன்னு சொல்லாம கால்ல ஓட்டை போடவா? அது இருக்கும்." கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நான் மேல இருந்து கீழ வர்ற கையைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன். கீழ இருந்தும் கை வரும்னு தோணலை." தன் தப்பை அவர் அளவுக்குச் சுருக்கமாகச் சொன்னவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஆக, நான்காவது வரி இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பதில் சொல்பவருக்கு அந்தப் பதிலால் என்ன கிடைக்கிறது, யாருக்காகக் கிடைக்கிறது. எழுதிவிட்டேன். மேசையில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அது தெரிந்த பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன சொல்வது என்று என்னிடம் வரி இல்லை. அந்தக் கோட்டை எக்ஸ்ரேயில் நான் பார்த்தேன், மறுபடி நடந்தாலும் டாக்டரைக் கூப்பிடத்தான் போவேன். அதில் சந்தேகமில்லை. மணியத்தின் முழங்கால்களுக்கும் அதே நாளில்தான் கதவு சாத்தியது. அதிலும் சந்தேகமில்லை.

வேலையை விட்ட பிறகு நோயாளிகளைப் பார்க்கக்கூடாது என்ற விதி எனக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லுக்குட் சந்தையில் ஒரு ஹாருவான் மீனை வாங்கிக்கொண்டு புக்கிட் பெலண்டோக் போனேன். மண்டோர் அக்கா என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மீனை வாங்கிக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது என்று பக்கத்து வீட்டு மாரியம்மாதான் வேலிக்கு அப்பாலிருந்து சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு நானாகவே உள்ளே போனேன். மணியம் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். அரசாங்க மருத்துவமனையிலிருந்து இன்னும் நாள் வரவில்லை. என்னைக் கண்டதும் தொலைக்காட்சியின் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

பழக்க தோஷத்தில், இப்போது கால் எப்படி இருக்கிறது அக்கா, பத்துக்கு எத்தனை என்று கேட்டுவிட்டேன்.

மீனைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். என் கைகளைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"யாருக்கு எழுதுற?"

"யாருக்கும் இல்ல அக்கா. அந்த வேலையை விட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் அதை நம்பலாமா என்று யோசித்தார். பிறகு, "அஞ்சு" என்றார். தம்பியின் பக்கம் முகத்தைத் திருப்பி, "அவனுக்கு ஒம்போது."

மீனைத் திருப்பிப் போட்டுச் செதில் சீவத் தொடங்கினார். நான் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மறுபடி மிஷின் வர்றதா இருந்தா முன்னாடியே வந்து சொல்லு. என் அஞ்சை மாத்திக்கிறேன்."